எந்தப் புடவை கட்டலாம்: ‘ஒல்லியாகக் காட்டுமா’ என்று கேட்காமல் ஓர் ஒப்பீடு

கொஞ்சம் உடம்பு போட்ட பெண் புடவைக் கடைக்குப் போனால், சேல்ஸ்மேன் கை அலமாரியில் ஒரு குறிப்பிட்ட தட்டுக்குத்தான் போகும். அடர்ந்த நிறம், சின்ன பார்டர், பொடிப்பூ, வழுவழுவென்று தொங்குகிற துணி. “இது உங்களை ஒல்லியாக் காட்டும் மேடம்” என்பார். கூட வந்த சித்தியும் தலையாட்டுவார். நிறம் கறுப்பாக இருந்தால் இன்னொரு வரி சேரும்: “அந்தக் கலர் உங்களுக்கு டல்லடிக்கும்.” குள்ளமாக இருந்தால் பெரிய பார்டர் பக்கமே கூட்டிப்போக மாட்டார்கள்.

இந்த ஆலோசனைகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்ன கட்டலாம் என்று பார்ப்போம். கடை வாசல் பொம்மையைப் போல உடம்பு இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேரும் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 25 அல்லது அதற்கு மேல், அதாவது மருத்துவக் கணக்கில் அதிக எடை உள்ளவர்கள். பந்தியில் பத்துப் பெண்கள் உட்கார்ந்தால் அதில் நாலு பேர். கடைக்காரருக்குத்தான் நாம் அபூர்வமாகத் தெரிகிறோம்.

ஒல்லியாகக் காட்டுமா என்பதை விட்டால் கேட்பதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை மணி நேரம் கட்டியிருக்கப் போகிறீர்கள், மண்டபம் ஏசியா, தரையில் உட்கார வேண்டியிருக்குமா, குழந்தையைத் தூக்க வேண்டுமா, பாத்ரூம் போய் வருவது எப்படி? பத்து மணி நேரம் உடம்போடு இருக்கப் போகிற துணியிடம் இதையெல்லாம் கேட்பதுதானே முறை.

முதலில் காஞ்சிப் பட்டு. பருமனானவர்களுக்குக் கனமான பட்டு ஆகாது, இன்னும் பெரிதாகக் காட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. என் கட்சி நேர் எதிர். நல்ல காஞ்சிப் பட்டு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். அந்தக் கனத்தால் அது மடித்த இடத்திலேயே நிற்கும். கொசுவம் பிரியாது, முந்தானை நழுவாது, குனிந்து நிமிர்ந்தால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வராது. கோர்வைப் புடவையில் உடலும் பார்டரும் தனித்தனி நிறத்தில், தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கப்படுகின்றன. கீழ் பார்டரின் ஜரிகைக் கனம் புடவையின் கரையை நேராக இழுத்துப் பிடிக்கும். அதனால் பெரிய பார்டரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குள்ளமாக இருந்தாலும் சரி, மேல் பார்டர் எப்படியும் இடுப்புச் செருகலுக்குள் போய்விடும். இடுப்புக்குக் கீழே வெளியே தெரிவது கீழ் பார்டர் மட்டும்தான்.

அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டு சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத மண்டபத்தில், ஹோமப் புகையில், சித்திரை வைகாசியில் அதைக் கட்டிக்கொண்டு மதியம் வரை இருப்பது தண்டனை. அப்புறம் அந்த ஒரு கிலோவும் தொங்குவது உள்பாவாடை நாடாவில். புடவை கனக்கக் கனக்க நாம் நாடாவை இறுக்குகிறோம். வயிற்றுச் சதை அதிகம் உள்ளவர்களுக்கு அது மடிப்புக்குள் போய் அறுக்கும். நம் அம்மாக்களின் இடுப்பில் ஒரு கறுத்த வளையம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் நோயாக நினைப்பதில்லை. 2024-இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் இந்திய மருத்துவர்கள் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதினார்கள். பல பத்தாண்டுகள் பாவாடை நாடாவையோ புடவையையோ இடுப்பில் இறுக்கிக் கட்டிய இடத்தில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறியிருந்தது. இது மிக அரிது, கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டுவதால் வருவதும் இல்லை. ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பாவாடையில் மெல்லிய நாடாவுக்குப் பதிலாக இரண்டு அங்குல அகலத்துக்குத் துணிப்பட்டை வைத்து, ஹூக் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கனம் பரவிவிடும். கனமான பட்டு கட்ட ஆசைப்படும் பெரிய உடம்புக்காரர்கள் புடவைக்கு முன்னால் செலவழிக்க வேண்டியது இந்தப் பாவாடையில்தான்.

லேசான பட்டு, அதாவது கடைகளில் சாஃப்ட் சில்க் என்று விற்பது, நடுவழி. எடை பாதிகூட இருக்காது. தரையில் சம்மணம் போட்டு உட்காரலாம், எழுந்திருக்கும்போது கையூன்றித் தவிக்க வேண்டாம். தட்டு வரிசை தூக்குவது, பந்தியைக் கவனிப்பது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வது போன்ற வேலை இருக்கும் அத்தைமார்களுக்கு இது சௌகரியம். ஆனால் வழுக்கும், சேஃப்டி பின் அதிகம் வேண்டும். அந்தப் பெயரில் பாலியஸ்டர் கலந்ததும் தாராளமாக விற்கிறது. சுத்தப் பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கைத்தறிப் பருத்தியைக் கல்யாணத்துக்குக் கட்டலாமா? “கல்யாணத்துக்குப் போய் காட்டனா?” என்று பெரியம்மா கேட்பார், அதற்குத் தயாராக இருந்தால் கட்டலாம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கும் மஞ்சளும், கறுப்பும் சிவப்புமாக அதன் கட்டங்களும் அகலக் கரையும் எந்தப் பட்டுக்கும் குறைந்தவை இல்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சும், காற்றுப் போகும், தோளில் கனக்காது. கஞ்சி போட்டது உடம்பை விட்டு விலகி பொம்மென்று நிற்கும். அதனால் பருமனாகத்தான் காட்டும், உண்மை. ஒட்டாமல் நிற்பதால்தான் காற்றும் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அலசிக் காயவைத்தால் விறைப்பு குறையும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மடிப்புகள் கசங்கிவிடும், அதை மாற்ற வழியில்லை. பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா இதற்குக் கொஞ்சம் சமரசம்.

இனி அந்த வழுவழுத் துணிகள். ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப். பருமனானவர்களுக்கு என்று கடையில் முதலில் நீட்டப்படுவது இவைதான். நான் கடைசியில் வைப்பேன். முறுக்கேற்றிய மெல்லிய நூலில் நெய்த துணி, உடம்பின் மேல் விழுந்து கிடக்கும். பாவாடை முடிச்சும் இடுப்பு மடிப்பும் அப்படியே வெளியே தெரியும். இன்று குறைந்த விலைக்கு வருவதில் பெரும்பாலும் பாலியஸ்டர். வியர்வையை உறிஞ்சாது, காலோடு ஒட்டி நடையைத் தடுக்கும். மறைக்கிறேன் என்று சொல்லி வாங்கி, நாள் முழுக்க முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருப்பதைத்தான் பார்க்கிறோம். ஏசி மண்டபத்தில் மாலை ரிசப்ஷனுக்கு, இரண்டு மணி நேரத்துக்கு என்றால் சரி. எடையே இல்லை, பையில் மடித்துப் போட்டால் கசங்காது. அந்த ஒரு குணத்துக்காக வெளியூர்க் கல்யாணத்துக்கு மாற்றுப் புடவையாக எடுத்துப் போகலாம்.

ரெடிமேட் புடவை, அதாவது கொசுவம் தைத்து ஹூக் வைத்தது, முதுகுவலி உள்ளவர்களுக்கும் கட்டத் தெரியாதவர்களுக்கும் நல்லதுதான். அளவுதான் பிரச்சினை. கடையில் ஃப்ரீ சைஸ் என்று எழுதியிருக்கும். யாருக்கு ஃப்ரீ என்பது போட்டுப் பார்க்கும்போது தெரியும். அதைவிட, உங்கள் சொந்தப் புடவையைக் கொடுத்து ப்ரீ-பிளீட்டிங், அதாவது கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தேய்த்து, வாங்குவது மேல். இப்போது சின்ன ஊர்களில்கூட வீட்டிலிருந்தே இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். உயரமும் இடுப்புச் சுற்றளவும் கேட்பார்கள். அங்கே கூச்சப்பட்டு இரண்டு அங்குலம் குறைத்துச் சொன்னால், அன்றைக்குக் காலையில் கொசுவம் ஒரு பக்கமாக வந்து நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. “எனக்குப் புடவை சுற்றுக்குப் பத்தாது” என்று பலர் புடவையையே விட்டுவிடுகிறார்கள். ஜாக்கெட் பிட்டைத் தவிர்த்துப் புடவை சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். சாதாரணக் கட்டில் இடுப்பை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றுகிறோம். ஒருவருக்கு இடுப்பு 38, இன்னொருவருக்கு 48 என்றால், இரண்டாமவருக்கு இருபது அங்குலம் அதிகம் செலவாகும். ஐந்து அங்குலக் கொசுவம் ஒன்றுக்குப் பத்து அங்குலத் துணி போகும். ஆக ஏழு கொசுவம் வரும் இடத்தில் ஐந்து வரும். அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் வேண்டாம் என்றால், புடவையோடு ஓடி வரும் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட்டை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். முப்பது அங்குலத்துக்கு மேல் கையில் வந்துவிடும், மூன்று கொசுவம். அந்த பிட் உள்சுற்றில் மறைந்துவிடும். ஜாக்கெட்டுக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாம். பெரிய அளவுக்கு முழங்கை வரை கை வைத்துத் தைக்க 80 சென்டிமீட்டர் எப்படியும் பத்தாது, ஒரு மீட்டராவது வேண்டும்.

ஜாக்கெட் பேச்சு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. புடவை யாரையும் கைவிடாது, அது வெறும் நீளத் துணி, எந்த உடம்புக்கும் சுற்றிக்கொள்ளும். கைவிடுவது ஜாக்கெட்தான். “எனக்குப் புடவை நல்லா இருக்காது” என்று சொல்கிற பெண்களில் பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியது, “உனக்கு ஜாக்கெட் சரியாகத் தைக்கவில்லை” என்பது.

கை தடித்தவர்களுக்குக் கைச்சுற்று பிடிக்கும், அக்குளில் இறுகும். தையல்காரர் என்ன செய்வார்? பக்கத் தையலைப் பிரித்து உடம்பில் அரை அங்குலம் விடுவார். இப்போது மார்பு லூஸாகும், அக்குள் அப்படியேதான் இருக்கும். கோளாறு இருப்பது ஆர்ம்ஹோல் வெட்டில். அக்குள் குழி ரொம்பக் கீழே இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுக்க மேலே ஏறும். குழி மேலே, அக்குளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கைத்துணி அகலமாக வெட்டப்பட வேண்டும். ஏற்கெனவே தைத்து இறுகிப்போனதைக் காப்பாற்ற, அக்குளில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்தால் கை தூக்க வரும். வெளியே தெரியாது. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது. கூந்தலில் பூ வைப்பதுபோல இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பாருங்கள். அட்சதை போடுவதுபோலக் கையை நீட்டுங்கள். உட்கார்ந்து குனிந்து பாருங்கள். ஹூக் வரிசை நடுவில் வாய் பிளந்தால் மார்புக்கு இடம் பத்தவில்லை என்று அர்த்தம். மார்பு பெரியவர்களுக்குப் பிரின்சஸ் கட் அல்லது கட்டோரி வைத்து, அதாவது மார்பின் வடிவத்துக்குத் தனித்தனித் துண்டாக வெட்டித் தைத்தால்தான் சரியாக உட்காரும்.

அளவு ஜாக்கெட் கொடுப்பது நம் வழக்கம். மூன்று வருடத்துக்கு முந்தைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு “இதைவிடக் கொஞ்சம் லூஸா” என்று சொல்வது இன்னொரு வழக்கம். வேண்டாம், டேப்பில் அளவு எடுக்கச் சொல்லுங்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்வார்கள், உதவியாளர் நோட்டில் எழுதுவார், பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழும். விழட்டும். உள்ளே பக்கத்துக்கு இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு ஏறும், இறங்கும், பிள்ளை பெறும், மாத்திரை சாப்பிட்டு ஊதும். பட்டு ஜாக்கெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தைக்க முடியுமா?

ரெடிமேட் ஸ்ட்ரெச் ஜாக்கெட் இன்னொரு வழி. அவசரத்துக்கு உதவும், இழுத்தால் வரும், பெரிய அளவுகளும் கிடைக்கின்றன. கனமான பட்டை அதன் தோளில் பின் குத்தினால் மட்டும் துணி இழுபட்டு முந்தானை இறங்கிக்கொண்டே இருக்கும். காட்டன் புடவைக்கு அருமையான ஜோடி.

கை வைப்பதா, ஸ்லீவ்லெஸ்ஸா? முழங்கை வரை கை வைத்தால் அந்தக் காலத்துக் களை வரும், வியர்க்கவும் செய்யும். ஸ்லீவ்லெஸ் குளிர்ச்சி, தடித்த கை தெரியும். தெரிந்தால் என்ன என்று கேட்க முடிந்தவர்கள் போடலாம். முடியாதவர்கள் போட்டுக்கொண்டு நாள் முழுக்க முந்தானையால் போர்த்திக்கொண்டு திரிய வேண்டாம், அது ஏசி மண்டபத்தில்கூட வியர்க்கும். இது தைரியப் பரீட்சை ஒன்றும் இல்லை.

புடவை ஷேப்வேர் என்று இப்போது ஒன்று விற்கிறது. பாவாடைக்குப் பதிலாக இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் உறை. நாடா இல்லை என்பது அதன் பெரிய லாபம், இடுப்பு அறுபடாது. ஆனால் படி ஏறுவது, சம்மணம் போடுவது, பாத்ரூம் போவது மூன்றும் கஷ்டம். கல்யாண மண்டபத்தில் நாம் செய்யப் போவது பெரும்பாலும் இந்த மூன்றும்தான். இரண்டு அளவு பெரிதாக வாங்கி, இறுக்கத்துக்காக இல்லாமல் வழுக்காத பாவாடையாக மட்டும் போட்டுக்கொண்டால் பரவாயில்லை.

கட்டும் விதத்திலும் தேர்வு இருக்கிறது. ஜாக்கெட், உள்பாவாடையோடு கட்டும் இன்றைய வழக்கம் பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்துதான். தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பே நம்மூரில் கட்டிய பின்கொசுவத்தில் மடிப்புகள் பின்னால் போய்விடும், முன்வயிற்றில் துணிக் குவியல் இல்லை. கால் வீசி நடக்கலாம். அப்பத்தாக்கள் வயல் வேலையை அதில்தான் பார்த்தார்கள். கண்டாங்கிக்கு அது தனி அழகு. மடிசார் கட்டும் வழக்கம் உள்ள வீடுகளில் ஒன்பது கஜம் என்பது எட்டு மீட்டருக்கு மேல். எந்தச் சுற்றளவுக்கும் பத்தும், கால்களுக்கு நடுவே துணி போவதால் தொடை உரசிப் புண்ணாவதும் இல்லை. சாதாரணக் கட்டிலேயே, முந்தானையை மடிப்பு வைத்துப் பின் குத்துவதா ஒற்றையாக விடுவதா என்பது கையில் வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கொசுவத்தைத் தொப்புளுக்கு மேலே செருகுவதா கீழேயா என்பதற்கும் ஒரே விடை கிடையாது. உட்கார்ந்து பார்த்து, வயிறு மடியும் இடத்தை விட்டு எங்கே நாடா நிற்கிறதோ அங்கே செருகுங்கள்.

நிறத்துக்கு வருவோம். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ பிரசாரத்தைத் தொடங்கியது 2009-இல். கடைக் கவுண்டரில் “டல்லடிக்கும்” மட்டும் அப்படியே இருக்கிறது. காஞ்சித் தறியின் நிறங்களை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி. கறுத்த தோளில் மாம்பழ மஞ்சளும் வாடாமல்லியும் எடுப்பது போல வெளுத்த தோளில் எடுக்காது என்பது என் பாரபட்சமான கருத்து. கடையின் குழல் விளக்கில் முடிவு செய்யாமல், வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த் தோளில் போட்டுப் பாருங்கள்.

“எதற்கும் ஒரு தோற்றம் வேண்டும்” என்பவர்களுக்கு நான் காட்டுவது உஷா உதுப்பை. 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு நைட் கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தவர். குரலும் உருவமும் அன்றைய பாடகிக்கு என்று வைத்திருந்த எந்த அளவிலும் அடங்கவில்லை. பெரிய பொட்டு, கனமான காஞ்சிப் பட்டு, கை நிறைய வளையல், காலில் பட்டு பார்டர் ஒட்டிய ஸ்போர்ட்ஸ் ஷூ. 2024-இல் பத்மபூஷண் பெற்றார். அந்த ஷூவைக் கவனியுங்கள். உடம்பு கனத்தவர்களுக்குக் கல்யாண நாளில் முதலில் வலிப்பது குதிகால். புடவைக்குள் செருப்பு யாருக்கும் தெரியாது, தட்டையான, பஞ்சு வைத்த செருப்பாகவே போடலாம்.

சொந்தக்காரர் பேச்சுக்கு எந்தத் துணியும் மருந்து இல்லை. “என்னடி இப்படி உடம்பு வச்சுட்டே?” என்று அத்தை காஞ்சிப் பட்டைப் பார்த்தும் கேட்பார், ஜார்ஜெட்டைப் பார்த்தும் கேட்பார். “ஆமா அத்தை, சாப்பிட்டீங்களா?” என்று பந்திப் பக்கம் திருப்பிவிடுவது நல்ல பலன் தருகிறது.

ஆக, மணமக்களுக்கு நெருங்கிய உறவாக மேடையில் நிற்பவர், காலை முகூர்த்தம், ஏசி மண்டபம் என்றால் தயங்காமல் பெரிய பார்டர் காஞ்சிப் பட்டும் அகலப் பட்டை வைத்த பாவாடையும். பத்து மணிக்கு மேல் மாற்றிக்கொள்ள ஒரு லேசான பட்டு. ஏசி இல்லாத ஊர்க் கோயில் கல்யாணம் என்றால் கண்டாங்கியோ கோராவோ. வேலை பார்க்கிற பொறுப்பு இருந்தால் லேசான பட்டு, மடித்துக் குத்திய முந்தானை. முட்டி வலி, புடவையில் காலை மடக்கவே முடியாது என்றால் நல்ல பட்டில் சல்வார் தைத்துப் போட்டுக்கொண்டு போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. கையில் பணம் குறைவு என்றால் அம்மாவின் பழைய பட்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எல்லாம் தையல்காரரிடம் செலவழியுங்கள். ஆவணி, ஐப்பசி, தை மாதங்களில் அவர் கடையில் ஜாக்கெட் மூட்டைகள் கூரையைத் தொடும். மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்து, ஒரு வாரம் இருக்கும்போது வாங்கிப் போட்டுக் கையைத் தூக்கிப் பாருங்கள். திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.